பகதூர் பாயின் ஊரை இருட்டாக்கிய அடுப்பு

டிப்ளமா படித்தவனிடம் யோசனை கேட்காதீர்கள். கேட்காவிட்டாலும் சொல்வான். நான் சொன்னேன்.

எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். எலெக்ட்ரிகல் டிப்ளமா. துபாயில், அல் குசைஸ் பகுதியில் ஆறு பேர் ரூமில் ஒரு கட்டில் கிடைத்த முதல் வாரமே, மற்ற ஐந்து பேரையும் முன்னேற்றுவது என் பொறுப்பு என்று முடிவுசெய்துவிட்டேன். (யாரும் மனு கொடுக்கவில்லை.)

எனக்கு மேல்கட்டில் பகதூர் பாய். நேபாளத்து மலைக்காரர். எங்கள் சைட்டில் ஏசிக்குத் தகரக் குழாய், அதாவது டக்ட், செய்பவர். அவர் மனைவி மாயா அக்கா வீடியோ காலில் வந்தால் முகம் தெரியாது, புகைதான் தெரியும். விறகடுப்பு. இரண்டு வார்த்தைக்கு ஓர் இருமல். பாய் போனை வைத்துவிட்டுக் கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

"கேஸ் கிடைக்காதா பாய்?" என்று எங்கள் பொது மொழியான அரைகுறை ஹிந்தியில் கேட்டேன்.

"சிலிண்டர் கீழ பஜார்ல இருக்கு. நாலு மணி நேரம் முதுகுல சுமந்து ஏறணும். மழைக்காலத்துல ரோடே இருக்காது."

"கரண்ட்?"

"இருக்கே. ஓடைத் தண்ணில மிஷின் வெச்சு ஊரே நடத்துது."

"நாள் பூரா வருமா?"

"வரும்."

போதும். எத்தனை வாட் வரும் என்பது டிப்ளமாவின் முதல் பாடம். அதை மட்டும் நான் கேட்கவில்லை.

பாய் லீவுக்குக் கிளம்பிய அன்று, அவர் பெட்டியிலிருந்த கம்பளியை உருவிப் போட்டுவிட்டு, நான் வாங்கிய இண்டக்‌ஷன் அடுப்பைத் திணித்தேன். ரூமில் சமைக்கும் ராமநாதபுரத்து முருகேசன் அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"குளுருற ஊருக்குப் போறவன்கிட்ட கம்பளியப் புடுங்குற. நல்லா வருவடா தம்பி."

"புகை போயிடும்ணே. அதான் முக்கியம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடியோ கால். அங்கே அதற்குள் இருட்டிவிட்டது. மாயா அக்கா பாத்திரத்தை வைத்துப் பட்டனை அழுத்தினார். வீட்டு விளக்கு அணைந்தது.

"செவுத்துல இருக்குற சின்னப் பெட்டி டப்புனு விழுந்திருச்சு" என்றார் பாய்.

ஒரு வீடு தன் பங்குக்கு மேல் கரண்ட் இழுக்காமலிருக்க ஊர்க் கமிட்டி மாட்டிவைத்த பெட்டி அது. என் கண்ணுக்கு அது முன்னேற்றத்தின் எதிரியாகத் தெரிந்தது.

"பெட்டி வீக்கா இருக்கு பாய். அத விட்டுட்டு ஒயர நேரா குடுங்க."

"எதுக்கும் கமிட்டில ஒரு வார்த்தை..."

"பாய், டிப்ளமா யார்கிட்ட இருக்கு?"

பாய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். ஒயர் நேரானது. அடுப்பு 'பீப்' என்றது. தண்ணீரில் முதல் குமிழி வந்தது. மாயா அக்கா சிரித்தார். புகை இல்லாமல் அவர் முகத்தை அன்றுதான் பார்த்தேன். மொத்தம் ஐந்து நொடி. பிறகு திரை கறுத்தது. பாயின் குரல் மட்டும் வந்தது: "தம்பி, ஊரே போயிருச்சு."

மறுநாள் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன், ஓர் ஊரையே படிக்கவிடாமல் செய்துவிட்டேன்.

டார்ச்சோடு ஆட்கள் வந்தார்கள். போன் கமிட்டித் தலைவியின் கைக்குப் போனது. எனக்கு அவருடைய மூக்குத்தி மட்டும் தெரிந்தது.

"நீதான் துபாய் என்ஜினியரா?"

"டிப்ளமாதாங்க..."

"அடுப்பு எத்தனை வாட்?"

"ரெண்டாயிரம்."

"ஒரு வீட்டுக்கு நாங்க குடுக்கறது நூறு. இருபது வீட்டு வெளிச்சத்துல ஒரு டீ போடப் பாத்திருக்க!"

என் முதுகுக்குப் பின்னால் முருகேசன் அண்ணன், "கலாஸ்" என்றார். அரபியில் 'முடிந்தது கதை' என்று அர்த்தம்.

ஒரு மணி நேரத்தில் மிஷின் மறுபடி ஓடியது. பிள்ளைகள் புத்தகத்துக்குத் திரும்பினார்கள். ஆனால் பாய் வீட்டு இணைப்பைக் கமிட்டி வெட்டிவிட்டது. புகையும் இருமலும் மட்டும் இருந்த வீட்டில் இருட்டையும் சேர்த்துவிட்டேன். (முன்னேற்றம்!)

இதை இப்படியே விடுவதில்லை என்று தீர்மானித்தேன். டூட்டி முடிந்து வந்ததும் போன் போட்டேன். இந்த முறை யோசனை சொல்லவில்லை, கேள்வி கேட்டேன். கூரை எத்தனை அடி, காற்று எந்தப் பக்கம் அடிக்கும், அடுப்பு எந்த மூலையில்? மூன்று நாள் கேட்டேன். நான்காம் நாள் என் கேள்வி தாங்காமல் பாய் கத்தினார்: "புகை வெளிய போகணும், அவ்வளவுதான! அதுக்கு ஒரு டக்ட்..."

பாதியில் நின்றுவிட்டார். 

"ஏழு வருஷமா ஊர்ல உள்ளவன் வீட்டுக்கெல்லாம் டக்ட் போடுறேன். என் வீட்டுக்கு ஒண்ணு போடத் தோணலியே தம்பி."

பஜாரில் தகரம் வாங்கி அவரே வெட்டி, மடித்து, அடுப்புக்கு மேல் குழாய் ஏற்றினார். என் பங்கு, நடுவில் பேசாமல் இருந்தது. முக்கால்வாசிப் புகை கூரைக்கு மேலே போனது. மாயா அக்கா ஒரு வீடியோ கால் முழுக்க இருமாமல் பேசினார். கமிட்டித் தலைவி வந்து அடுப்படியில் உட்கார்ந்து டீ குடித்துப் பார்த்துவிட்டு, இணைப்பைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த மாதமே பக்கத்து வீடுகளிலிருந்து குழாய் கேட்டு ஆள் வந்தது.

இண்டக்‌ஷன் அடுப்பின் கண்ணாடிமேல் மாயா அக்கா இப்போது ரொட்டி தேய்க்கிறார். வழவழப்பாக இருக்கிறதாம்.

மிஷின் வீட்டுச் சுவரில் ஊர்க்காரர்கள் ஒரு போர்டு மாட்டியிருக்கிறார்கள். பாய் படம் அனுப்பினார். 'துபாய் என்ஜினியரே சொன்னாலும் பெட்டியைத் தொடாதீர்கள்' என்று நேபாளியில் எழுதி, கீழே என் பெயர். முருகேசன் அண்ணன் அதைத் தன் போனில் முகப்புப் படமாக வைத்துக்கொண்டு, படத்தை எங்கள் வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்.

எங்கள் அம்மாவுக்கு எந்த எழுத்தும் தெரியாது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "வெளிநாட்டுல எம்மவனுக்குப் போர்டு வெச்சிருக்காங்க" என்று அந்தப் படத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறார். அண்ணன் அர்த்தத்தையும் எழுதி அனுப்பியதால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது என் தங்கைக்கு மட்டும் தெரியும். இரண்டு வருடமாக நான் அவளோடு சண்டை போடுவதில்லை.