எறியண்ணையும் நான் விட்ட ரயரும்

மொன்றியல் தமிழரில் அமெரிக்கக் கால்பந்து முழுதாக விளங்கிய ஒரே மனிதர் எறியண்ணைதான்; எந்நேரமும் பந்து எறிகிற கதைதான் என்பதால் நாங்கள் வைத்த பெயர் அது. நாங்கள் கிரிக்கெட் பார்க்கிற நேரத்தில் அவர் குவாட்டர்பேக்குகளை, அதாவது பந்தைத் தூர எறிகிறவர்களை, ஒப்பிட்டுக்கொண்டிருப்பார்; அதில் இரண்டு பேருக்கு நெட்டையன், குள்ளன் என்று அவரே பட்டம் வைத்திருந்தார். ஆனால் எறிகிறவனை அவர் பார்க்கவே மாட்டார். ஓடிப்போய்ப் பிடிக்கிறவனைத்தான் பார்ப்பார்.

“நெட்டையன் எறிஞ்சால் பிடிக்கிறதுக்கு மூண்டு சிங்கம் நிக்குது. குள்ளன்ரை ஆக்கள் பந்தைக் கண்டால் விலகி வழி விடுறாங்கள். பேந்து குள்ளனை ஏசினால் ஞாயமோ?” என்பார்.

இந்த ஞாயத்தை அவர் எங்கும் கொண்டுபோவார். புரோசார்டில் ஒரு கலியாண வீட்டில் எல்லோரும் சமையற்காரரைப் புகழ்ந்தார்கள். தாலி கட்ட இரண்டு மணித்தியாலம் பிந்தியது, அந்தப் பசிக்கு எதைப் போட்டாலும் இறங்கும், இதில் அந்த மனுசனுக்கு என்ன பெருமை என்று கேட்டார் எறியண்ணை. அன்றைக்கு அவருக்குப் பாயசம் கிடைக்கவில்லை.

லொங்குய்யில் கார்ச் சில்லுகளுக்கு ரயர் போடுகிற ஒரு கடையில் இரண்டு பேரும் வேலை செய்தோம். பனிக்கால ரயர் மாற்றுகிற நாட்களில் ஊரே வந்து வாசலில் நிற்கும். ரயர்களை மேல் தட்டிலிருந்து கயிற்றில் கட்டித்தான் இறக்க வேண்டும், எறிந்தால் வேலை போகும் என்பது முதலாளியின் கட்டளை. முதலாளி அந்தப் பக்கம் போனதும் எறியண்ணை மேலே நின்று எறிவார், நான் கீழே நின்று பிடிப்பேன். என்னைப் போல ஒரு பிடிகாரன் குள்ளனுக்குக் கிடைத்திருந்தால் அவன் எங்கேயோ போயிருப்பான் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். எனக்கும் தலை கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது.

அன்று காலை நெட்டையனா குள்ளனா என்று பெரிய வாக்குவாதம். அவரை மடக்க ஒரு ஆட்டக் கணக்குத் தேடி நான் ஓரமாக விலகிப் போனை எடுத்தேன். “பிடி!” என்று மேலே சத்தம் கேட்டது. நிமிர்ந்தபோது ரயர் என்னைத் தாண்டித் துள்ளி, ஒரு வாடிக்கையாளரின் கார்க் கண்ணாடிக்குள் போய்க் குந்தியிருந்தது.

முதலாளி ஓடி வந்தார். யாருடைய பிழை என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். வீட்டில் மூன்று மாதக் கைக்குழந்தை. வாயை மூடிவிட்டேன். எறியண்ணை ஏணியால் இறங்கி வந்து, தன் உடைந்த பிரெஞ்சில், தான் தனியே நின்று எறிந்ததாகவும் எறி கோணலாகப் போனதாகவும் சொன்னார். எறிகிறவனை ஒருநாளும் குறை சொல்லாத மனிதர் அவர். அன்றோடு அவருடைய வேலை போயிற்று.

சாப்பாட்டுப் பெட்டியோடு வெளியே வந்தவரிடம், “ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னீங்கள்?” என்று கேட்டேன்.

“என்ரை பிள்ளையள் வளந்திட்டுதுகள். நீ உள்ள போ, குளிருது,” என்றார்.

பிறகு ரொறன்ரோவுக்கு மகளிடம் போய்விட்டார். ஏழு வருடமாக அவருடைய நம்பர் என் போனில் இருக்கிறது. எடுத்துக் கதைக்க வெட்கம். வெட்கம் என்று சொல்வதும் பொய், பயம். அவர் ஏசமாட்டார் என்று தெரியும், அதுதான் பயம்.

இந்தப் பத்திரிகை அங்கே தமிழ்க் கடைகளிலும் கிடைக்குமாம். அண்ணை, வாசிக்கிறீர்களோ தெரியாது. அது நல்ல எறி. நான் நிற்கிற இடத்துக்குத்தான் நேரே வந்தது. நான்தான் பார்க்கவில்லை.