நூலகர் பரிந்துரைத்த நாவல்

நூலகருக்குக் கை கால் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டத்தில் ஒரு மர்ம நாவலைப் பரிந்துரைத்து அவர் பேச வேண்டும். நாவலோ நானூற்று முப்பது பக்கம். அவர் தாண்டியிருந்தது அட்டையை மட்டும்தான்.

ஊருக்குள் அவருக்குப் பெரிய படிப்பாளி என்று பெயர். இருபது வருடமாக அந்தப் பெயரைக் காப்பாற்றி வருபவள் அவர் மனைவி. அவள் படிப்பாள், காய் நறுக்கிக்கொண்டே கதை சொல்வாள். இவர் அதை நூலகத்தில் சொந்தச் சரக்காக அவிழ்த்துவிடுவார். "உங்க வீட்டுல படிப்பாங்களா?" என்று யாராவது கேட்டால், "அவளா! தூசி தட்டக்கூடப் புத்தகத்தைத் தொட மாட்டா" என்பார்.

சனிக்கிழமை காலை அவள் வெங்காயமும் கையுமாக உட்கார்ந்ததும், இவர் நோட்டும் கையுமாக எதிரில் உட்கார்ந்தார்.

"சும்மா கேக்கறேன், அந்த நாவல் எப்படி?"

"சும்மா கேக்கறவருக்கு எதுக்கு நோட்டு?"

"அது கிடக்கட்டும். நீ சொல்லு."

"ஒரே பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களைச் சேர்த்த மூணு அம்மாக்கள். ஒரு டீச்சர் காணாமப் போறாங்க. மூணு பேருமே எதையோ மறைக்கிறாங்க. யார் செஞ்சதுங்கறதைவிட, ஏன் மறைக்கிறாங்கங்கறதுதான் கதை."

"அடேயப்பா! அப்புறம்?"

அவள் நறுக்குவதை நிறுத்தி அவரைப் பார்த்தாள்.

"மூணாவது அம்மாவுக்கு ஒரு புருஷன். பொண்டாட்டி மூளையை வெச்சே ஊர்ல பேர் வாங்கறவன். ஆனா வெளியில, அவளுக்கு எழுத்துக்கூட்டவே வராதுங்கற மாதிரி பேசுவான். அது அவ காதுக்கு வந்துடுச்சு. வந்ததைக் காட்டிக்காம இருக்கா பாருங்க, அதுதான் அவ ரகசியம்."

"ச்சே! இப்படியும் ஒரு ஜென்மமா?" நூலகருக்கு நிஜமாகவே ரத்தம் கொதித்தது. கொதித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அறுபது பேர். நூலகர் வெளுத்து வாங்கினார். "ஒவ்வொரு தாயும் ஒரு பூட்டிய அலமாரி!" என்றபோது பலத்த கைதட்டல். அந்த உற்சாகத்தில் மூன்றாவது அம்மாவின் புருஷனைப் பிடித்து உலுக்கினார். "இந்த நாவலுக்கு உயிரே இந்த அற்பப் பயல்தான்! கடைசிவரைக்கும் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை!"

கைதட்டலைக் காணோம். அறுபது பேரும் முழித்தார்கள். நாவலை இரண்டு முறை படித்திருந்த வாசகர் வட்டத் தலைவி மெல்ல எழுந்தார்.

"சார், நாவல்ல புருஷன்னு யாருமே வரலையே? மூணு பேரும் தனியா பிள்ளை வளர்க்கிறவங்க. அதுதானே கதையே?"

நூலகர் நோட்டைப் பார்த்தார். தன் கையெழுத்துதான். அந்தப் புருஷனை வரி வரியாக மறுபடி படித்தார். ஆளை அடையாளம் தெரிந்தது. நிமிர்ந்தால், கடைசி வரிசையில் மனைவி!

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்க," என்று அவள் எழுந்தாள். "அந்தப் புருஷனை நான்தான் சேர்த்தேன்."

"அப்ப நாவலைப் படிச்சது?" என்றார் தலைவி.

"எல்லா நாவலையும் நான்தாங்க."

அறுபது தலைகளும் நூலகர் பக்கம் திரும்பின. தலைவி அவரிடமிருந்து மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கி மனைவியிடம் நீட்டினார். நூலகர் தள்ளாடிப் போய், கடைசி வரிசையில் அவள் விட்டுவந்த நாற்காலியில் விழுந்தார்.

மனைவி அரைமணி நேரம் பேசினாள். கைதட்டல் ஓயவில்லை. மேடையிலிருந்து இறங்கி வந்தவள், நாவலை அவர் மடியில் வைத்தாள்.

"பதினஞ்சு நாள்ல படிச்சுட்டுத் திருப்பிக் குடுத்துடணும்."