நான் அரக்கன் பிடித்த லட்சணம்

கதைக்குள் ஓர் அரக்கனைக் கொண்டுவருவது வீட்டுக்கு ஒரு விருந்தாளியைக் கூட்டி வருவது மாதிரி. வருகிறவன் யார், என்ன கேட்பான், எப்போது போவான், ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்களில் யாருக்கு அவன் சொந்தம் என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் கூப்பிட வேண்டும். அந்தக் கடைசி விசாரணையை நான் செய்யவில்லை.

2005 மழைக்காலம். மழை பிடித்துவிட்டால் மரக்காணத்தில் உப்பளத்து ஆட்களுக்கு வேலை கிடையாது. பாத்தியெல்லாம் தண்ணீர். நாங்கள் நாலைந்து பேர் உப்புக் கொட்டகையில் காலிச் சாக்கைப் போட்டு உட்கார்ந்து ஒரு விளையாட்டு விளையாடுவோம். துபாயிலிருந்து திரும்பிய என் கூட்டாளி அன்வர் கொண்டுவந்தது. அங்கே அவனோடு ஒரே அறையில் இருந்த பிலிப்பைன்ஸ்காரன் கற்றுக்கொடுத்தானாம். பலகை கிடையாது, சீட்டு கிடையாது. ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரர்கள். எதிரே ஓர் அரக்கன் நிற்கிறான், என்ன செய்கிறாய் என்று கதைக்காரன் கேட்பான். வீரன் தான் செய்வதைச் சொல்லி, இருபது முகம் கொண்ட ஒரு பகடையை உருட்டுவான். பெரிய எண் விழுந்தால் பலிக்கும். சின்ன எண் என்றால் உதை.

கதை சொல்கிறவன் எப்போதும் நான்தான். சாதாரணமாக நான் வாயே திறக்க மாட்டேன். (டீக்கடையில் டீ கேட்கக் கூச்சப்பட்டு, அடுத்தவருக்கு வந்த காபியைக் குடித்துவிட்டு வந்தவன்.) ஆனால் கதைக்குள் போய்விட்டால் என்னை நிறுத்த முடியாது. பேசுவது நானில்லையே, அரக்கன்தானே.

அந்தச் சமயம் கிளியனூர்ப் பக்கம் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெயர் செல்வி. பார்த்ததுமே பிடித்துவிட்டது. எனக்கு முப்பது தாண்டியிருந்தது; இதற்கு முன் பார்த்த இடங்களெல்லாம் தட்டிப்போயிருந்தன. பெண் பார்க்கப் போன அன்று நான் பேசியது மொத்தம் ஒரு வார்த்தை. "போதும்." அதுவும் கேசரியைப் பார்த்து. பையன் ஊமையோ என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பெண்ணின் அண்ணன் ஏழுமலையும் சித்தப்பாவும் என்னைப் பேசவைத்துப் பார்க்க நேரில் வருகிறார்கள், திருப்தியில்லை என்றால் வேறு இடம்தான் என்று தரகர் சொல்லிவிட்டுப் போனார்.

"மச்சான், அவங்களையும் ஆட்டத்துல ஒக்கார வெச்சிடலாம்டா" என்றான் அன்வர். "நீ கதை சொல்லு. வாய் தன்னால தொறந்துக்கும்."

அதிலிருந்து என் கால் தரையில் நிற்கவில்லை. உப்பள வரப்பில் போனேன், வந்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன். எந்த அரக்கனை விடுவது? பிலிப்பைன்ஸ்காரனின் இறக்கை முளைத்த நெருப்புப் பல்லி சரிப்படாது. கிளியனூர்க்காரர்கள் அதை விளக்குமாற்றால் அடித்துவிடுவார்கள். கடலிலிருந்து எதையும் கிளப்பக் கூடாது. முந்தைய டிசம்பரில் கடல் வந்ததே போதும், அது எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளையாட்டில்லை. பேய் வேண்டாம், அடிக்க உடம்பிருக்காது. பாம்பு அவர்கள் தினம் வயலில் பார்ப்பது. பார்த்ததும் நம்ப வேண்டும், பயப்பட வேண்டும், கடைசியில் ஜெயிக்கவும் முடிய வேண்டும். மறுபடி எழுந்தேன், மறுபடி நடந்தேன்.

அப்போதுதான் பெண் பார்க்கப் போகும்போது பஸ் ஜன்னலில் பார்த்த ஒரு சிலை ஞாபகம் வந்தது. ஆகா, இவன்தான் என்று முடிவு செய்துவிட்டேன். யாருடைய சிலை என்று யோசிக்கக்கூட இல்லை. வந்த சந்தோஷத்தில் வரப்பிலிருந்து பாத்தியில் விழுந்தேன்.

ஏழுமலை வாட்டசாட்டமான ஆள். சித்தப்பா மெலிந்து, தோளில் சிவப்புத் துண்டும் வாயில் வெற்றிலையுமாக இருந்தார். அன்வர் ஆட்டத்தை விளக்கினான். "சரி, பாப்போம்" என்று இரண்டு பேரும் சாக்கில் உட்கார்ந்தார்கள். நான் ஆரம்பித்தேன். பிரமாதமாகப் போனது. ஏழுமலை மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்து வந்தார். சித்தப்பா வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். இதுதான் சமயம் என்று அரக்கனை அவிழ்த்துவிட்டேன்.

"ஏரிக்கரை. மூணு பனமரம். நடுவுல அரக்கன் நிக்கிறான். முறுக்கு மீச, கையில வீச்சரிவா, காலடியில நாய். எடது கண்ணுல சுண்ணாம்பு உதிர்ந்து குழியா இருக்கு. ஆடு கேப்பான், சாராயம் கேப்பான், சுருட்டு கேப்பான். குடுக்கலன்னா ஊரையே அழிச்சிடுவான். என்ன பண்றீங்க?"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆகா, பயம் பிடித்துவிட்டது என்று பூரித்துப்போனேன்.

"நான் செருப்ப கழட்டுறேன்" என்றார் ஏழுமலை.

ஓடுவதற்கு வசதியாக என்று நினைத்துக்கொண்டேன். உருட்டச் சொன்னேன். மூன்று விழுந்தது. "செருப்பு கழலலங்க. சேத்துல மாட்டிக்கிச்சு."

"நான் வுழுந்து கும்பிடறேன்" என்றார் சித்தப்பா.

"கும்பிட்டாலாம் வுட மாட்டானுங்க. வெறி புடிச்ச பய."

அன்வர் என் தொடையைக் கிள்ளினான். நான் நிறுத்தவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டு பெரிய மனிதர்கள் என் பேச்சை வாய் பிளந்து கேட்கிறார்கள், யாருக்கு நிறுத்த மனசு வரும்? அரக்கனின் தாயாரைப் பற்றிக்கூட இரண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னேன்.

"தம்பி, இத எங்க பாத்த?" என்று கேட்டார் ஏழுமலை.

"ஒங்க ஊருக்கு வர்றப்ப, பஸ்ல."

"அது எங்க கொலதெய்வம்யா. முனீஸ்வரன்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் சித்தப்பாவின் தோள் நடுங்கியது. தலை சுழன்றது. துண்டு ஒரு பக்கம் பறந்தது, பகடை உப்புக் குவியலுக்குள் போனது. ஏழுமலை எழுந்து, இந்த முறை உருட்டாமலே செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கட்டி நின்றார்.

"என்னையாடா அரக்கன்ன?" என்று சித்தப்பாவுக்குள்ளிருந்து சாமி கேட்டது.

அன்வர் வாசல் பக்கம் நகர ஆரம்பித்திருந்தான். செல்வி போனாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆட்டத்தின் வழிதான். அரக்கன் பாய்ந்து வந்தால் அவனுக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடிப்பது. கையைக் கூப்பினேன். அரக்கன் குரலில்லை, கதைக்காரன் குரலில்லை, என் சொந்தக் குரலில் கேட்டேன்.

"சாமி, ஒங்களுக்கு என்ன வேணுங்க?"

சாமி ஆடுவதை நிறுத்தியது. என்னைப் பார்த்தது. பிறகு ஏழுமலை பக்கம் திரும்பியது.

"கண்ணு உதிர்ந்து ரெண்டு மழ போச்சு. பங்காளிங்க ஒருத்தனாவது பாத்தீங்களாடா? பஸ்ல போறவன் பாத்திருக்கான். இவனே வந்து எனக்குக் கண்ணு வெக்கட்டும்."

அவ்வளவுதான், சாமி மலையேறிவிட்டது. சித்தப்பா தண்ணீர் கேட்டார். அவ்வளவு பெரிய ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டு உப்பில் பகடையைத் தேடினார்.

சாமியே கூப்பிட்ட ஆளை வேண்டாம் என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் தைரியமில்லை. தையில் கல்யாணம். அதற்கு முன்னால் பூசாரி கொடுத்த பிரஷ்ஷோடு ஏணியில் ஏறினேன். கீழே நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் கை உதறியதில் கருவிழி ஓரமாகப் போய்விட்டது. ஏரியைப் பார்க்க வேண்டிய முனீஸ்வரன் அன்றிலிருந்து ஒரு கண்ணால் பஸ் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மாமியார் வீட்டில் எனக்குப் பேரே 'கண்ணு வெச்ச மாப்ள' என்று ஆகிவிட்டது. விவரம் தெரிந்த சொந்தக்காரர்களுக்கு அது பெருமை. தெரியாதவர்கள் பாடுதான் திண்டாட்டம். எந்த விசேஷத்துக்குப் போனாலும் சித்தப்பா பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி, "கண்ணு வெச்ச மாப்ள வந்துட்டாரு, எல போடுங்க" என்பார். பக்கத்து இலைக்காரர் தன் ஜாங்கிரியைக் கையால் மறைத்துக்கொள்வார். எதிர் வரிசைப் பெண் குழந்தையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வாள். நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வேன். செல்வி மட்டும் சாப்பிடுவதற்கு முன்பே கை கழுவ எழுந்து ஓடுவாள், சிரித்துவிட்டு வருவதற்கு.