வசியம் சாரோடு குழாய்க்குள் ஒரு சண்டை

ஆளை மயக்குவதாகப் போர்டு மாட்டிக்கொண்டு ஒரு தெருவையே தலை கிறுகிறுக்க வைத்த மனிதர் தருமபுரி மாவட்டத்திலேயே ஒருத்தர்தான். எங்கள் எதிர்வீட்டு வசியம் சார். நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளத் தோன்றாத அளவுக்கு அவர்மேல் எனக்குக் கடுப்பு.

சேலத்தில் ஏதோ ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டருக்கு உதவியாளாக இருந்து ரிட்டயரானவர். சும்மா இருக்க மாட்டாமல் ஹிப்னாடிசம் படித்தார். வாசலில் 'மனோவசிய சிகிச்சை' என்று எழுதச் சொன்னார். பெயின்டர், படுபாவி, 'மனோ'வைக் கடுகளவுக்கும் 'வசிய'த்தைப் பூசணிக்காய் அளவுக்கும் எழுதினான். 'சிகிச்சை'க்குப் பலகையில் இடமே இல்லை. அவ்வளவுதான். இண்டூரிலிருந்தெல்லாம் ஆட்கள் பஸ் ஏறி வந்துவிட்டார்கள்.

"சார், எம்மருமவ எம்பையன முந்தானையில முடிஞ்சி வெச்சிருக்கா. அவுத்து வுடணுங்க."

"அம்மா, இது அந்த வசியம் இல்லீங்க."

"அப்ப எந்த வசியங்க? கேரளாவுங்களா?"

வருகிறவர்களின் வண்டியெல்லாம் என் வீட்டு கேட்டை மறித்துக்கொண்டு நிற்கும். நான் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். நாள் முழுக்க டிரைவர்களிடம் கத்திவிட்டு வருகிறவன் வீட்டு வாசலிலும் கத்த வேண்டுமா?

"சார், மரியாதையா அந்த போர்ட எடுத்துடுங்க!"

"எடுத்துடலாங்க" என்று சிரிப்பார். எடுக்க மாட்டார். திட்டினால் திருப்பித் திட்டாத ஆளைப்போல எரிச்சலைக் கிளப்புகிற பிறவி உலகத்தில் வேறு கிடையாது.

இப்படி இருக்கும்போது எனக்கு விடாத தலைவலி வந்தது. கூடவே இடது கை மரத்துப்போனது. டாக்டர் தலைக்கும் கழுத்துக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எழுதினார். "உள்ள கட்டி கிட்டி இருக்கான்னு பாத்துடணும். தள்ளிப்போடாதீங்க" என்றார். என் மனைவி அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாள். அவளையும் அதட்டினேன்.

ஸ்கேன் சென்டரில் படுக்கவைத்துக் குழாய்க்குள் தள்ளினார்கள். மூக்குக்கு மேலே நாலு விரல் இடம். அரை நிமிஷத்தில் எனக்கு மூச்சு முட்டியது. அவசரமென்றால் அமுக்கச் சொல்லிக் கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அமுக்கு அமுக்கென்று அமுக்கி, கத்திக் கூப்பாடு போட்டு வெளியே வந்துவிட்டேன். இரண்டாவது முறை உள்ளேயே போகவில்லை. அங்கிருந்த டெக்னீஷியனைக் கன்னாபின்னாவென்று திட்டிவிட்டுத் திரும்பினேன். ஊரையே அதட்டுகிறவன் ஒரு குழாய்க்குப் பயப்படுகிறான்! வெளியில் சொன்னால் சிரிக்க மாட்டார்களா? கட்டி இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே இரண்டு வாரம் ஓடியது. சோறு இறங்கவில்லை.

என் மனைவி எதிர்வீட்டில் போய்ச் சொல்லிவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நேரே போய் நின்றேன்.

"என்னை எவனும் மயக்க முடியாது. முடிஞ்சா மயக்கிக் காட்டுங்க பாக்கலாம்!"

"முடியாதுங்க" என்றார் வசியம் சார். "நீங்க ஒத்துக்காம உங்கள யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. இது தூக்கங்கூட இல்லீங்க. பஸ்ல போன் பாத்துக்கிட்டே போறவரு எறங்கவேண்டிய ஸ்டாப்ப வுட்டுடறாரு இல்லீங்களா? முழிச்சிக்கிட்டுத்தான் இருக்காரு. ஆனா மனசு ஒரே எடத்துல குவிஞ்சி, மத்ததெல்லாம் தூரமாப் போயிடுச்சி. அத நாமளே வேணும்னு செய்யறதுதாங்க இது. நான் வழி சொல்றவன். போறது நீங்கதான்."

அதையும் பார்த்துவிடலாம் என்று சாய்வு நாற்காலியில் படுத்தேன். கண்ணை மூடச் சொன்னார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒகேனக்கல்லுல பரிசல்ல போறீங்க... தண்ணி அமைதியா இருக்குது..." என்றார்.

"லைஃப் ஜாக்கெட் குடுத்தானா இல்லையா?"

போன வருஷம் அங்கே கிழிந்த ஜாக்கெட்டைக் கொடுத்து, "போடுங்க சார், ஆறு உங்களப் பாத்தே பயந்துடும்" என்று நக்கலடித்த பரிசல்காரன் ஞாபகத்துக்கு வந்துவிட்டான். மூடிய கண்ணைத் திறக்காமலே அவனைக் கால் மணி நேரம் திட்டி உரித்து உப்புக்கண்டம் போட்டேன். முடித்துவிட்டுப் பார்த்தால் வசியம் சாருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"தெருவுல ரெண்டு போர்வெல் வண்டி ஹாரன் அடிச்சிக்கிட்டுப் போச்சே, கேட்டுச்சுங்களா?"

"எந்த வண்டி?"

"உங்க வலது கையக் கிள்ளுனனே, அதாவது தெரிஞ்சுதா?"

பார்த்தேன். நகக்குறி பதிந்திருந்தது. சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

"மத்தவங்களுக்கு ஆறு, மலைன்னு சொல்லி மனசக் குவிக்கணும். உங்களுக்குக் கோவமே போதுங்க. குழாய்க்குள்ள போனதும் யாரையாச்சும் புடிச்சி சண்ட போடுங்க. வாயத் தெறக்கக் கூடாது, தலைய ஆட்டக் கூடாது. மனசுக்குள்ளயே."

ஒரு வாரம் என்னை அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் படுக்கப்போட்டு, மேலே எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டி, மெஷின் சத்தம் பழக்கினார். தெருவே ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தது. அந்த அவமானத்துக்காகவே அவரை ஆயுசுக்கும் மன்னிக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

மூன்றாவது முறை ஸ்கேனுக்கு அவரும் கூட வந்தார். குழாய் என்னை விழுங்கியது. மெஷின் டொக்டொக்கென்று இடித்தது. நெஞ்சு அடைக்கத் தொடங்கிய அந்த நொடியில் நான் சண்டையை ஆரம்பித்தேன்.

"சார், எழுந்திரிங்க. முடிஞ்சிடுச்சி" என்று டெக்னீஷியன் தோளைத் தொட்டான்.

"இருய்யா! நான் இன்னும் முடிக்கல!" என்று கத்தினேன். அவன் இரண்டடி பின்னால் போய்விட்டான்.

வெளியே வசியம் சார் என் பெல்ட்டையும் வாட்சையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஏ.சி. ஹாலில் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. சாயந்திரம் ரிப்போர்ட் வந்தது. கட்டி இல்லை. கழுத்தில் ஒரு நரம்பு அழுந்தியிருக்கிறது, மருந்திலும் பயிற்சியிலும் சரியாகிவிடும். என் மனைவி மறுபடி அழுதாள். இந்த முறை நான் அதட்டவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் என் காதோரம் குனிந்து கேட்டார். "ஆமா, உள்ள யாரோடங்க சண்ட போட்டீங்க?"

"உங்களோடதான். வேற யாரு?"

விழுந்து விழுந்து சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மிச்சத்தை எப்படி அந்த மனுஷரிடமே சொல்வது? அந்தக் குழாய்க்குள் அரை மணி நேரம் நான் மனசுக்குள் கண்டபடி திட்டியும், அவர் எழுந்து போகாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.