அழகாகச் சாகும் அமெரிக்கரும் நானும்

கதாநாயகனாகச் சாவது சுலபம். பாதி வேலையைப் பின்னணி இசை பார்த்துக்கொள்ளும். அடியாளாகச் செத்து மனதில் நிற்பதுதான் நடிப்பு. இதை எனக்குப் புரியவைத்தவர் ஓர் அமெரிக்கர். ராமநாதபுரத்தில் ஞாயிறு காலைக் காட்சிக்குப் பழைய ஆங்கிலப் படங்கள் போடுவார்கள். இவர் பெயர் டைட்டிலில் கடைசியாக வந்து, படிப்பதற்குள் ஓடிவிடும் (படித்திருந்தாலும் வாயில் நுழைந்திருக்காது). சாராயக்கடைக்காரர், ரயில் கொள்ளைக்காரர், பாதிரியார் என்று வேடம் மாறும். இடைவேளைக்குள் சுடப்படுவது மாறாது. ஆனால் ஒரு சாவு மாதிரி இன்னொன்று இருக்காது. ஒரு படத்தில் குண்டு பட்டபிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு விழுந்தார். துண்டு வேடத்துக்கு அவ்வளவு உழைத்த மனிதரை இன்றும் கையெடுத்துக் கும்பிடுவேன்.

எழுபதுகளின் கடைசியில், உத்தரகோசமங்கை பக்கம் எங்கள் ஊர்த் திருவிழா நாடகத்தில் எனக்கு முதல் காட்சியிலேயே சாகும் போலீஸ்காரர் வேடம். முன்வரிசையில், என்னை மாப்பிள்ளை பார்க்க வந்த சாயல்குடிப் பெண்வீட்டார். போட்டோவில் பார்த்த அவர்கள் வீட்டுப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எனவே முழுத் திறமையையும் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

வெடிச்சத்தம் கேட்டதும் விழவேண்டும், அவ்வளவுதான். நான் தொப்பியைச் சரிசெய்தேன். தள்ளாடி மைக் வரை போனேன். மண்டியிட்டு, எழுந்து, வில்லனின் சட்டையைப் பிடித்துத் தொங்கினேன்.

“ஏலே, சீக்கிரம் செத்துத் தொலைலே,” என்று வில்லன் பல்லைக் கடித்தான்.

கண்ணைத் திறந்தபடியே செத்தேன். அதைப் பார்த்த என் அயித்தை, தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு மேடையேறி ஒப்பாரி வைத்துவிட்டார். எங்கள் பக்கம் ஒருத்தி அழ ஆரம்பித்தால் மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பது மரியாதையில்லை. போய்த் தோளைக் கட்டிக்கொண்டு அழவேண்டும். ஒரு கூட்டமே என்னைச் சுற்றி மாரடித்தது.

நான் எழுந்து, “அயித்த, நான் சாகல,” என்றேன்.

“இருலே, பாட்டு பாதியில நிக்குது,” என்றார்.

பெண்ணின் அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். “உசுரோட ஒப்பாரி வாங்குன பயலுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? வா, போவோம்.” எனக்கு அப்போதுதான் உண்மையாகவே உயிர் போனது.

அவர் மனைவி அசையவில்லை. “செத்தான்னு ஊரே அழுதபெறகு எந்திரிச்சவனுக்கு ஆயுசு கெட்டி. நம்ம பிள்ளைக்குத் தாலி நெலைக்கும். ஒக்காருங்க.”

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பெயர் தெரியாத அந்த அமெரிக்கருக்கு மனதுக்குள் முதல் தாம்பூலம் கொடுத்தேன்.

போன மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தேன் (வாயுதான், பிறகு தெரிந்தது). பேரப்பிள்ளைகள்கூட டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என் மனைவி அடுப்படியிலிருந்தே சொன்னாள்: “ஒங்களுக்குத்தான் அப்பவே அழுது முடிச்சாச்சே. எந்திரிச்சுக் காப்பியக் குடிங்க.”