முழுசா ஏறினதும் சொல்லுங்க

அன்புள்ள மைத்துனனுக்கு, அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நான், வீடு, கம்ப்யூட்டர் மூவரும் நலம். அங்கே நீயும், உன் மனைவி மக்களும், பத்து நாளாக உன் வீட்டிலேயே இருக்கும் உன் அக்காவும் நலம் என்று நம்புகிறேன். அவள் என் போனை எடுக்காததால் நம்பத்தான் முடிகிறது. எப்படியாவது சமாதானம் செய்து சனிக்கிழமைக்குள் அவளை இங்கே அனுப்பி வை.

நடந்தது இதுதான். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவனுக்குக் கை சும்மா இருக்குமா? என் நண்பர்கள் பல் டாக்டரும் எலக்ட்ரீஷியனும், நானும் அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடி, ஹெட்போனில் பேசிக்கொண்டே, கம்ப்யூட்டரில் ஃப்ளைட் சிமுலேட்டர் போட்டு விமானம் ஓட்டுகிறோம். எல்லாம் நிஜம் மாதிரியே இருக்கும், விழுந்தால் அடிபடாது, அவ்வளவுதான். வெறுமனே பறப்பானேன் என்று டாக்டர் ஒரு சுற்றுப்பயணம் போட்டார். நாலைந்து பேர் சேர்ந்து சொந்தப் பக்குவத்தில் காய்ச்சும் சின்னச் சின்ன பீர் ஆலைகள் எட்டு. எட்டிலிருந்தும் ஆளுக்கொரு பாட்டில் பார்சலில் வந்து அவரவர் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. ஆலைக்குப் பக்கத்து விமான நிலையத்தில் பத்திரமாக இறங்கி, எஞ்சினை அணைத்த பிறகுதான் அந்த ஊர் பாட்டிலைத் திறக்கலாம். நொறுங்கினால் அன்றைக்கு வெறும் தண்ணீர். குடியில் இவ்வளவு கட்டுப்பாட்டை நீ எங்காவது பார்த்திருக்கிறாயா?

முதல் நாள் நான் விமான நிலையத்தைத் தாண்டிப் போய், ஆலை வாசலிலேயே மெயின் ரோட்டில் ஓரங்கட்டி, கதவையும் திறந்துவிட்டேன். பழக்கதோஷம். "ஏம்ப்பா, இது என்ன பஸ் ஸ்டாப்பா?" என்றார் டாக்டர், ஆனாலும் நொறுங்கவில்லை என்று பாட்டிலைத் திறக்க விட்டார். இரண்டாம் நாள் எதிரே வந்த விமானத்துக்கு ஒதுங்கி வழிவிடப் போய் மலையில் முட்டினேன். தண்ணீர்தான் குடித்தேன். மூன்றாம் நாள்தான் வினை. உன் அக்கா காபியோடு வருகிறாள், நானோ எல்லோரும் பத்தாயிரம் அடிக்கு வந்தாயிற்றா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். "என்ன டாக்டர், ஏறிடுச்சா? எனக்கு இன்னும் ஏறல. எலக்ட்ரீஷியனுக்கு நல்லா ஏறிடுச்சு, எப்படி ஆடுறான் பாருங்க. முழுசா ஏறினதும் சொல்லுங்க, சேர்ந்தே போவோம்." வானத்தில் ஏறுவதை வேறு எப்படித்தான் விசாரிப்பது? காபியை மேசையில் வைத்தாள், பெட்டியைத் தூக்கினாள், உன் வீட்டுக்கு வந்துவிட்டாள். அதுவரை நான் திறந்தது ஒரே ஒரு பாட்டில், சத்தியமாக ஒன்றுதான்.

இன்னொரு சேதி, அதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலையே வெடித்துவிடும். ஒரு வாரமாக நாலாவது ஆள் ஒருவர் சேர்ந்திருக்கிறார். 'பருந்து' என்று பட்டப்பெயர். டாக்டருக்குத் தெரிந்தவராம். வாயே திறக்கமாட்டார், திரையில் எழுதுவதோடு சரி. எப்பேர்ப்பட்ட காற்றிலும் தூங்குகிற குழந்தையைக் கிடத்துகிற மாதிரி விமானத்தை இறக்குகிறார். நான் இறங்கும்போது "மூக்கைத் தூக்குங்க, வேகத்தைக் குறைங்க, வேடிக்கை பார்க்காதீங்க" என்று விடாமல் எழுதுவார். அவர் புண்ணியத்தில் ஆறாவதிலும் ஏழாவதிலும் ஒரு கீறல் இல்லாமல் இறங்கினேன் மாப்பிள்ளை, கைதட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தில் பாட்டிலைத் திறந்து, உன் அக்காவிடம் சொல்லலாம் என்று திரும்பினால் அறையில் யாருமில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. எட்டாவது ஆலை சனிக்கிழமை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இது எந்த ஏற்றம் என்று கண்ணால் பார்க்கட்டும்.

உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி. ஏறுகிற இடத்திலிருந்தெல்லாம் நீங்கள் பத்திரமாக இறங்க வேண்டும்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: பிழை இருக்கிறதா என்று இதை ஹெட்போனில் நண்பர்களுக்குப் படித்துக் காட்டினேன். முடித்ததும் பருந்து எழுதினார்: "ஒண்ணு இல்ல, மூணு. வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி காலி பாட்டிலை எண்ணிட்டுத்தான் கிளம்பினேன்." டாக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் ஹெட்போனைக் கழற்றிவிட்டார். மாப்பிள்ளை, உன் வீட்டுக் கம்ப்யூட்டரில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. சனிக்கிழமைக்கு முன் அவளை அனுப்பிவிடாதே. இங்கே இருப்பது ஒரே கம்ப்யூட்டர், அவள் அங்கிருந்து சொன்னால்தான் நான் எட்டாவதில் இறங்க முடியும். ஞாயிற்றுக்கிழமையாவது வருவாயா என்று அவளிடமே கேட்டேன். திரையில் பதில் வந்தது: "முதல்ல ஏறினது இறங்கட்டும். வரேன். எட்டாவது பாட்டில்ல எனக்குப் பாதி வைங்க."