பிடுங்கக் கூடாத பந்தக்கால்

கச்சிராயபாளையம் சம்பந்தி உயர்திரு பிச்சைமுத்து அவர்களுக்கு, ரிஷிவந்தியம் செல்லமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். டிவியைப் போடாத நேரத்தில் இன்னும் நலம். தாங்களும் சம்பந்தியம்மாவும், எனக்கு மருமகளாக வேண்டிய அபிநயாவும் நலமாயிருக்க அர்த்தநாரீஸ்வரர் அருள்வாராக.

ராணுவத்திலிருக்கும் என் மகன் இளஞ்செழியன் கல்யாண லீவில் ரயிலேறிவிட்டான் என்றதும், நல்ல நேரம் தவறிவிடுமே என்று நாம் இரு வீட்டாரும் கூடி என் வாசலில் கல்யாண முருங்கைக் கிளையைப் பந்தக்காலாக நட்டோம். மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, பாயசத்தோடு சாப்பிட்டுத் தாங்கள் பஸ் ஏறிய பிறகுதான் எல்லையில் சண்டை வந்தது. லீவு ரத்து. பையன் பாதி வழியில் இறங்கி எதிர் ரயில் பிடித்தான். சண்டை போடுகிறவர்கள் நம் ஜோசியரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், கல்யாணம் முடிந்து ஆவணியில் நல்ல நாளாகப் பார்த்துக் கொடுத்திருப்பார்.

எல்லை எங்கேயோ இருக்கிறது என்று நம்மூர் சும்மா இருந்துவிடவில்லை. யூரியா எங்கே என்றால், போர். கேஸ் சிலிண்டர் எங்கே என்றால், போர். டீக்கடைக்காரர் வடையைப் பொத்தான் அளவுக்குச் சுருக்கிவிட்டு, "இன்னா மாமா, நாடு இருக்கிற நெலமையில வடைய அளந்துகினு நிக்கிறீங்க?" என்கிறார். பக்கத்து வீட்டு ராசு, யாரும் நியமிக்காமலே எங்கள் தெருவுக்குத் தளபதியாகிவிட்டான். ஒருநாள் பொழுது சாய்ந்ததும் எல்லா விளக்கையும் அணைக்கச் சொல்லி, "கரியாலூர் மலைப்பக்கம் ஏவுகணை மின்னிக்கினு வருது, எல்லாரும் கட்டிலுக்கு அடியில பூந்துக்குங்க!" என்று கத்தினான். தெருவே புகுந்தது. மறுநாள் நல்ல மழை. ராசு குடை பிடித்து வந்து, "பாத்தீங்களா, எதிரி பயந்துட்டான்" என்றான். பிறகு நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு எனக்குச் சால்வை போர்த்தினான். "நாட்டுக்குப் புள்ளயக் குடுத்திருக்கீங்க மாமா!" என்றான். "குடுக்கலப்பா, வேலைக்குத்தான் அனுப்புனேன். கல்யாணத்துக்குத் திருப்பிக் கேட்டுக்கினு இருக்கேன்" என்றேன். அன்றிலிருந்து என் தேசபக்தி கம்மி என்று பேச்சு.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், பந்தக்காலைத்தான் பொறுக்க முடியவில்லை. பந்தக்கால் நட்ட வீட்டார் சாவுக்குப் போகக்கூடாது என்பது தாங்கள் அறிந்ததே. இந்த நேரம் பார்த்து என் மனைவி பாப்பாத்தியின் பெரியப்பா முனியன் செத்துப்போனார். போகவில்லை. அவர் பிள்ளைகள் இனி எங்கள் வாசல் மிதிப்பதில்லையாம். சரி, காலைப் பிடுங்கிவிடலாம் என்றால், "அதும்மேல கை வெச்சீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன். அது பச்சையா இருக்கிற வரிக்கும் எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது" என்று பாப்பாத்தி குறுக்கே நிற்கிறாள். இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றுகிறாள். அது துளிர்த்தும் தொலைத்துவிட்டது. "பாருங்க, வூட்டுக்கு வந்துகினே இருக்கான்" என்று துளிரைக் காட்டுகிறாள். டெல்லியில் யாருக்கும் தெரியாத சேதி இந்தக் குச்சிக்குத் தெரிகிறதாம்! பையன் போனில் பேசி எத்தனையோ நாளாகிறது; குச்சிதான் பேசிக்கொண்டிருக்கிறது.

ஆகையால் தாங்கள் நேரில் வந்து, பெண் வீட்டார் என்ற முறையில், "எடுத்துடலாம்மா, மாப்பிள்ள வந்ததும் புதுசா நட்டுக்கலாம்" என்று பாப்பாத்திக்குப் புத்தி சொல்ல வேண்டும். செல்போன் காலத்தில் இப்படி ஒரு மூடநம்பிக்கை வெளியே தெரிந்தால் எனக்குத்தான் அவமானம். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். அபிநயாவுக்கு என் ஆசிகள். பட்டுப்புடவையை அவ்வப்போது வெயில் காட்டி வைக்கச் சொல்லவும்.

இப்படிக்கு,
செல்லமுத்து

பி.கு.: தாங்கள் வர வேண்டாம். அன்று நாம் நட்ட கிளை பட்டுப்போய்விட்டது. பாப்பாத்தி கவனிப்பதற்குள், ராசு விளக்கை அணைக்க வைத்த அந்த மாலை, தெருவே கட்டிலுக்கு அடியில் இருந்தபோது, தெருக்கோடி இருசப்பன் வீட்டு வேலியில் வெட்டிய வேறு கிளையை நான் நட்டு மாவிலையை மாற்றிக் கட்டினேன். துளிர்த்தது அதுதான். இன்று காலை அதிலும் ஓர் இலை பழுத்திருக்கிறது. எனக்குப் பயமாயிருக்கிறது, சம்பந்தி. தங்கள் கொல்லையில் கல்யாண முருங்கை நிற்கிறதல்லவா? நல்ல பச்சைக் கிளையாக ஒன்று வெட்டி, சாக்கில் சுற்றி, கடிதம் கண்டதும் முதல் பஸ்ஸிலேயே கொடுத்தனுப்பவும்.